கம்பலையும் கேள்வியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தலைப்பைக் கண்டு இலக்கண உரை கேட்க வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். செல்பேசிக் கோபுரம் ஒன்று என் வானொலிக் கருவியைச் செவிடாக்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆயினும் தொல்காப்பியரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அழுங்கல், கலி, கம்பலை, சும்மை ஆகிய நான்கு சொற்களுக்கும் அரவம் என்று உரியியலில் பொருள் கூறுகிறார் அவர். இரைச்சலுக்கு நான்கு சொற்களை வைத்திருந்த மக்கள் இரைச்சலை உற்றுக் கேட்டவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பித்த வானொலி உரிமப் புத்தகத்தை, அந்தக் கட்டணமே ஒழிந்த பின்னும் தந்தையார் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். தமிழ்நாட்டில் வானொலியை முதலில் எழுப்பியவர்கள் அரசினர் அல்லர் என்று அவர் அடிக்கடி சொல்வார். உண்மைதான். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி ஒலிபரப்பினார்கள். 1927இல் பணமின்றி அது நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. மூன்றாண்டுகளில் நின்ற கழகத்தைப் பற்றி, பத்தாண்டு கடந்த இவ்வட்டத்தின் பொருளாளர் முன்னிலையில் பேசும்போது எனக்குச் சற்று நடுக்கமாகவே இருக்கிறது!

தந்தையாரின் ஆர்வம் தம்பிக்கு வாய்த்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைச் சூறையாடியபோது அவன் கல்லூரி மாணவன். அதே நாளில் அந்தமானில் தொலைபேசிகள் அற்றுப்போயின. அமெச்சூர் வானொலிப் பயணமாக அங்கே சென்று முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர் தம் சிறு நிலையத்தின் வழியே செய்திகளைக் கரைக்குச் சேர்த்தார்கள். அதைப் படித்த பிறகே தம்பி தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற்றான். எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தபோது, அலைவரிசைகளைத் தானே துழாவிச் செல்லும் பெறுகருவி ஒன்றைத் தந்தான். கேட்க மட்டுமே வல்லது அது, பேச முடியாது.

நம்மூர் ஆகாயத்தலம், ஆகாயத்தின் குணம் ஒலி என்பர். மொட்டைமாடியில் நின்று 145.800 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தால், நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து மனிதக் குரல் இறங்கி வரும். பத்து நிமிடத்திற்குள் அடிவானில் மறைந்துவிடும். முதன்முறை கேட்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்க வானிலைத் துணைக்கோள்கள் மேகப் படங்களை அனுப்பிவந்தன. அவற்றுள் எஞ்சியிருந்தவையும் 2025இல் ஓய்ந்தன.

பிறகு எங்கள் தெருக்கோடியில் ஒரு கோபுரம் எழுந்தது. விண்வெளியின் குரல் அன்றோடு போயிற்று. என் கருவி கேட்பது 145. கோபுரம் பேசுவது 900 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். பாதையே வேறாக இருக்க, இடையூறு எங்ஙனம் வரும்? காதருகே கூம்பு ஒலிபெருக்கி முழங்கும்போது, பக்கத்தில் இருப்பவர் மெல்லப் பேசுவது நம் செவியில் ஏறுவதில்லை அல்லவா? அப்படித்தான் கருவியின் முன்வாயிலில் உள்ள பெருக்கி திணறிப்போகிறது. இன்னொன்றும் நிகழ்கிறது. வலிமையான இரண்டு அலைகள் அங்கே கலந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாம் அலை ஒன்று பிறக்கிறது. நிலைமொழியிலும் வருமொழியிலும் இல்லாத எழுத்து புணர்ச்சியில் தோன்றுவதைப் போன்றது இது. தோன்றல் விகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோபுரம் நினைவுக்கு வருகிறது.

நான் செய்த முதற்பிழை, குரல் மெலிந்தது என்று கூடுதல் பெருக்கி ஒன்றை வாங்கி மாட்டியது. இரைச்சல் இருமடங்காயிற்று. தம்பி தொலைபேசியில் சிரித்தான். "கூட்டாதே அக்கா, குறை" என்றான். வரும் அலையை வேண்டுமென்றே பத்து டெசிபெல் மட்டுப்படுத்திப் பார்க்கச் சொன்னான். உண்மையில் வெளியிலிருந்து வரும் குரல் பத்துதான் குறையும். கருவிக்குள்ளே கலப்பால் பிறந்த போலிக் குரல் பெரும்பாலும் முப்பது அளவு குறைந்து மறைந்துவிடும். எது வந்தது, எது நாமே உண்டாக்கிக்கொண்டது என்று பிரித்தறிய இதைவிட நேர்மையான சோதனையை நான் கண்டதில்லை.

அடுத்து, ஆண்டெனாவை இடம் மாற்றினேன். மாடிப்படி அறையின் சுவர் கோபுரத்தை மறைக்கும் மூலையில் அதை நட்டேன். மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் இயக்கினேன். அந்தச் சிறு பெட்டிகள் தனியே ஓர் இரைச்சலைக் கிளப்புகின்றன. இறுதியாகத் தம்பி அனுப்பிய வடிப்பி வந்தது. வடிப்பி என்றால் பெரிய இயந்திரம் அன்று. ஆண்டெனாக் கம்பியில் கிளையாக ஒட்டிய, முனை திறந்த ஒரு துண்டுக் கம்பி. நீளம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். கோபுர அலையின் கால்பங்கு, கம்பிக்குள் அலை மெதுவாகச் செல்வதால் அவ்வளவு சுருங்குகிறது. அந்த அலைக்கு மட்டும் அது பள்ளம் வெட்டிவிடும், மற்றவற்றிற்கு வழிவிடும். இத்தனைக்கும் பிறகு பாதிக் குரல் மீண்டது. பாதிதான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லை. தெருக்கோடிக் கோபுரம் சிறிது நேரம் தன் பேட்டரியில் மூச்சு விட்டது, பிறகு அடங்கியது. அம்மாவின் எண்ணை அழைத்துப் பார்த்துச் சலித்து, கருவியை இயக்கினேன்.

இரைச்சல் இல்லை. ஓராண்டுக்கு மேலாக நான் வேண்டித் தவமிருந்த நிசப்தம்! அதைக் கேட்டு நான் நடுங்கினேன். அழுங்கல் என்ற சொல்லுக்கு அரவத்தோடு இரக்கமும் கேடும் பொருளாகும் என்று தொல்காப்பியர் ஏன் தனித்துச் சொன்னார் என்பது, பத்து முறை பாடம் நடத்தியும் விளங்காதது, அன்று விளங்கியது.

நண்பகல் நெருங்கும்போது 145இல் ஒரு குரல். தம்பி! தன் அழைப்புக் குறியைச் சொல்லி, மற்ற அமெச்சூர் நண்பர்களுக்குத் தெருவின் நிலையை விவரித்துக்கொண்டிருந்தான். இடையே, "சிதம்பரத்தில் என் அக்கா கேட்டுக்கொண்டிருக்கலாம். அம்மா நலம். பின்கட்டு ஓடுகள் போய்விட்டன. அம்மா நலம்" என்றான். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அதையே சொன்னான். மாலை வரை மணிக்கொரு முறை சொன்னான். நான் கேட்கிறேனா என்று அவனுக்குத் தெரியாது. கேட்கிறேன் என்று சொல்ல என்னிடம் வாய் இல்லை. மாடியில் நின்று உரக்கப் பதில் சொன்னேன். அடுத்த வீட்டு அம்மையார்தான் எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஆண்டே நானும் தேர்வெழுதி உரிமம் பெற்றேன் என்பதை இங்கே கூச்சத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கோபுரம் உயிர்பெற்ற நாளைச் சொல்லி முடிக்கிறேன். மேசைமேல் பெறுகருவி; அருகே செல்பேசி. தம்பியின் குரல் பாதியில் அறுந்தது. ஒலிபெருக்கியில் 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று அந்தப் பழைய உறுமல் கிளம்பியது. செல்பேசி கோபுரத்தோடு பேசும்போது வினாடிக்கு 217 துடிப்புகளாக விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் எழும் அரவம் அது. எத்தனை நாள் அதைச் சபித்திருக்கிறேன்! கருவியை அணைக்கக் கை எழவில்லை. சிறிது பொறுத்துச் செல்பேசி மணி அடித்தது. அம்மா, "சாப்பிட்டாயா?" என்றார்.