துவிசக்கர வண்டியும் தேக சௌக்கியமும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சட்டையை அளவெடுத்துத் தைப்பிக்கும் நாம், சைக்கிளை மட்டும் கடையில் வாங்கியபடியே ஓட்டுகின்றோம். முழங்கால் நோவு கண்டால் வயதின்மேல் பழி சுமத்துகின்றோம். பெரும்பாலும் குற்றம் ஸீட்டின் உயரத்திலேயே உள்ளது.

ஸீட்டில் அமர்ந்து, கீழ்நின்ற பெடலின்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளல் வேண்டும். அங்ஙனமாயின், முன்பாதத்தால் மிதிக்குங்கால் முழங்கால் சிறிதே மடங்கி நிற்கும். ஹாம்லி, தாமஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், காலின் உட்புற நீளத்திற்கு 100-க்கு 109 வீத உயரத்தில் மிதிக்கும் வலிமை மிகுகின்றதென 1967-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கால் நீளம் 80 சென்டிமீட்டராயின், தாழ்ந்த பெடலிலிருந்து ஸீட்டின் மேற்புறம் வரை ஏறக்குறைய 87 ஆகும். ஸீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும்.

ஹாண்டில் பார் எட்டாத தொலைவிலிருப்பின், உடற்பாரம் உள்ளங்கையில் விழுந்து விரல்கள் மரத்துப்போம். மரத்த கை, வேண்டிய சமயத்தில் பிரேக்கைப் பிடியாது. முழங்கை சற்றே மடங்கி நிற்குமாறு அமைத்தால் மேடுபள்ளங்களிலும் வண்டி நம் வசப்பட்டு நிற்கும்.

சிறுவர் விழுவரென்றஞ்சி ஸீட்டைத் தாழ்த்திவைத்தல், பழகும் நாளில் தகும். பழகியபின் உயர்த்தல் வேண்டும். எனினும் ஸீட் கம்பியிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியலாகாது. தந்தையும் மைந்தனும் ஒரே வண்டியை ஓட்டும் வீடுகளில், அவரவர் அளவைக் கம்பியிற் குறியிட்டு வைத்தல் நலம். ஒரு ஸ்பானரும் கால்மணி நேரமுமே இதற்குச் செலவு. பள்ளி செல்லும் நம் மக்களின் பொருட்டேனும் இன்றே செய்வோமாக.