கடைவரம்புக்கும் தண்ணீர் வரவேண்டும்



ஜூன் பிறந்தால் நாஞ்சில் நாட்டில் ஒரே பேச்சுதான்: பேச்சிப்பாறை அணை எப்போது திறக்கும்? கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு வயல் காத்திருக்கும். அணையில் தண்ணீரும் இருக்கும். திறந்தும் விடுவார்கள். ஆனால் கடைவரம்பு வயலுக்கு வந்து சேராது. போய்ப் பார்த்தால் சானலில் மண்ணும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கும். 1906-இல் கட்டி முடித்த அணையைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். வருஷா வருஷம் சானலில் இறங்கித் தூர்வாருகிறவரை யார் நினைக்கிறோம்?

இன்றைக்கு நான் பேச வந்ததும் ஒரு சானலைப் பற்றித்தான். அதில் ஓடுவது தண்ணீர் அல்ல, தகவல்.

நீங்கள் செல்போனில் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். அதற்கான கணக்கு உங்கள் போனுக்குள் நடப்பதில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கணினிகளில் நடக்கிறது. இப்படி எங்கோ இருக்கும் கணினிகளை இணையம் வழியே பயன்படுத்துவதற்கு மேகக் கணிமை என்று பெயர். பெயரில்தான் மேகம், இயந்திரங்கள் நிற்பதெல்லாம் தரையில். எந்த வேலையை எந்தக் கணினிக்குக் கொடுப்பது, ஒன்று பழுதானால் வேலையை எங்கே மாற்றுவது என்று பார்த்துக்கொள்ள மென்பொருள் வேண்டும். அதில் பலவும் திறந்த மூல மென்பொருள். யாரும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

2010-இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தாங்கள் எழுதியதைப் பொதுவில் வைத்து, ஓப்பன்ஸ்டாக் என்ற இத்தகைய மென்பொருளைத் தொடங்கின. 2014-இல் கூகுள் குபர்நெட்டிஸ் என்ற இன்னொன்றை வெளியிட்டது. நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் இருந்தது நினைவிருக்கலாம். அதை உருவாக்கிய சென்னை சி-டாக் மையம்தான் 'மேக்தூத்' என்ற திறந்த மூல மேக மென்பொருளையும் உருவாக்கியது.

கட்டுவது இப்படி நடந்துவிடுகிறது. காப்பதுதான் பாடு.

குபர்நெட்டிஸோடு சேர்ந்த 'இங்ரெஸ் என்ஜின்எக்ஸ்' என்ற மென்பொருளை ஒரு மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து வரும் கோரிக்கைகளை, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று பிரித்துவிடும். உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் இதை நம்பித் தொழில் செய்தன. இதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பல ஆண்டுகளாக ஒருவரோ இருவரோதான். அதுவும் சொந்த வேலை முடிந்த இரவிலும், சனி ஞாயிறிலும்.

பயனர்கள் தங்கள் விருப்பப்படி கட்டளைகளைச் செருகிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வசதி இருந்தது. முதலில் எல்லோரும் மெச்சினார்கள். அவரவர் வயலுக்கு வசதியாகக் கரையை வெட்டிக்கொள்ள விட்டால் என்ன ஆகும்? அந்த வசதியே பின்னாளில் பாதுகாப்புக்குக் கேடாக முடிந்தது. 2025 மார்ச்சில் பெரிய ஓட்டைகளும் வெளியே தெரிந்தன. உதவிக்கு ஆள் கேட்டார்கள். போதுமான ஆள் வரவில்லை. 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது: 2026 மார்ச்சோடு பராமரிப்பு நிற்கும், அதன்பின் ஓட்டை கண்டாலும் அடைக்க ஆள் இல்லை.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டவர்கள் ஆயிரம். தூர்வார இறங்கியவர் இருவர்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குடிமராமத்து என்றார்கள். குளத்தில் பங்குள்ளவனுக்குக் கரையைக் காப்பதிலும் பங்குண்டு. அதே போல, இந்த மென்பொருள்களால் சம்பாதிக்கும் நிறுவனங்கள், தங்கள் ஊழியர்களின் வேலை நேரத்தில் ஒரு பங்கை இவற்றைப் பராமரிக்கக் கொடுக்க வேண்டும். அது தர்மம் அல்ல, அவர்கள் கட்ட வேண்டிய வரி.

நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக ஒன்றை எழுதித்தான் பேர் வாங்க வேண்டும் என்றில்லை. ஒரு பிழை கண்ணில் பட்டால், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன நடந்தது என்று நாலு வரி தெளிவாக எழுதி அனுப்புங்கள். வழிகாட்டிக் குறிப்பில் தவறிருந்தால் திருத்திக் கொடுங்கள். ஒரு கூடை மண்ணை அள்ளிக் கரையில் போட்டது போல இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.