பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் நாட்களும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேடையேறிப் பழகாத இரயில்வே குமாஸ்தா நான். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனும் அல்லேன். விழாவுக்கு உகந்த இனிய பொருள்கள் பல இருக்க, காளிகாட்டில் நம் குடும்பங்கள் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசும் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். கணவனும் மனைவியும் பிரிந்தபின், பிள்ளை எவரிடம் எத்தனை நாள் இருப்பது என்பதே அது.

என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவரின் மனைவி, எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்குச் சென்றுவிட்டார். பெரியவர்கள் நால்வர் ஈராண்டுகள் கூடிக்கூடிப் பேசினோம். பேசியதெல்லாம் அவர்களைச் சேர்த்து வைப்பது பற்றியே. அவ்வீராண்டில் தந்தை மகளைக் கண்டது இரண்டே முறை! இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

சட்டம் கூறுவதை முதலில் சொல்லிவிடுகின்றேன். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் பாதுகாவலர் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருத்தல் வேண்டும். (ஐந்து நிரம்பாத குழந்தைக்கு இரயிலிலும் டிக்கெட் இல்லை, இரண்டு எல்லையும் எங்ஙனமோ ஒன்றாய் அமைந்தன.) எவ்வயதிலும் குழந்தையின் நலனே முதன்மையானது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, இயன்றவரை பிள்ளையின் விருப்பத்தையும் ஒட்டி ஏற்பாடு செய்யச் சொல்கின்றது. எம்மதத்தாருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாவலர் மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே கொடுத்தல் வேண்டும். நண்பர் இங்கே மனுச்செய்ய முனைந்தபோது வக்கீல் தடுத்தது இதனாலேதான்.

பெற்றோர் பிரிவால் எழுந்ததன்றெனினும், சென்னையில் நடந்த புகழ்பெற்ற வழக்கொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. தம் புதல்வர்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா இருவரையும் மீட்க நாராயணய்யா என்பார் அன்னி பெசன்ட் அம்மையார்மீது வழக்குத் தொடுத்தார். உயர்நீதிமன்றம் 1913-இல் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. 1914-இல் பிரிவி கவுன்சில் அதனை மாற்றிற்று. பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் வசித்தனர் என்பதும், அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் காரணங்களுள் அடங்கும்.

நமக்கு மிக அண்மையில் நிற்பது 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இருவரின் அன்பும் குழந்தையின் உரிமையென்றும், தொலைவில் வாழும் தாயோ தந்தையோ நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமேனும், கூடுமானால் வீடியோவில் முகம் பார்த்து, பேச வேண்டுமென்றும் அது கூறிற்று.

இனி எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகின்றேன். அதாவது, கால அட்டவணை. சமரசம் பேசக் கூடிய அதே நால்வர் இதற்கும் கூடினோம்.

நண்பர் முதலில் எழுதியது, எல்லா விடுமுறையும் பாதிக்குப் பாதி. காகிதத்தில் நியாயமாகவே தோன்றிற்று. ஆனால் ஹௌராவிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். கோரமண்டல் எக்ஸ்பிரஸிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கழியும், அதற்கப்பால் திருச்சி. பொங்கலுக்கு மூன்று நாள் தந்தைக்கு என்றால், அம்மூன்று நாளும் குழந்தைக்கு இரயிலிலே போகும்! ஆகவே குறுகிய விடுமுறைகளை வெட்டக்கூடாதென்று முடிவு செய்தோம். பொங்கல் முழுதும் தாயிடம். தீபாவளிக்கும் பூஜை விடுமுறைக்கும் தந்தையே பாஸில் திருச்சி செல்வார், பெரியவர்கள் அலையட்டும். கோடையில் மே மாதம் முழுதும் மகள் இங்கே. 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாள் முன்னர்தான் திறக்கின்றதாகையால், தேதிகள் பிப்ரவரி முடியுமுன் உறுதியாதல் வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் தொலைபேசி. "அம்மா என்ன சொல்கிறாள்?" என்று மகளிடம் கேட்பதில்லையென நண்பர் தம் கையாலேயே எழுதினார். அதை எழுதத்தான் அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

அட்டவணை திருச்சிக்குப் போயிற்று. அம்மையார் எல்லாவற்றுக்கும் இசைந்தார். கையெழுத்திட்டு இரு தரப்பு வக்கீல்கள் வழியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதே மீதம். அன்றிரவு எட்டு மணிக்குத் தந்தை மகளிடமும் அதைப் படித்துக் காட்டினார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு குழந்தை, "மே இருபது அம்மாவுக்குப் பிறந்தநாள், அப்பா. அன்றைக்கு அம்மா தனியாகவா இருப்பாள்?" என்றாளாம்.

அதனை எங்களில் ஒருவரும் எண்ணவில்லை. மறுநாள் மதிய உணவு வேளையில் மே முழுதும் என்பதை அடித்து, பதினேழாம் தேதி ஹௌராவில் புறப்பாடு என்று திருத்தி எழுதினோம்.