ஆள்வோரைக் குறை கூறுவது குற்றமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

நம் பிள்ளைகள் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் அரசைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டால், பெற்றோராகிய நமக்கு அன்றிரவு உறக்கம் வருவதில்லை. "ஊர் வம்பு நமக்கு எதற்கு? அழித்துவிடு" என்கிறோம். அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. ஆயினும் அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவே இங்கு நிற்கிறேன்.

2015 அக்டோபர் 30ஆம் நாள், பொழுது விடியுமுன், திருச்சியில் மக்கள் பாடகர் கோவன் கைது செய்யப்பட்டார். அவர் ஆயுதம் எதுவும் ஏந்தியிருக்கவில்லை. அரசே டாஸ்மாக் கடை நடத்திக் குடிமக்களைக் குடிக்கவைப்பதைக் கண்டித்துப் பாட்டுப் பாடியிருந்தார். அப்பாட்டு இணையத்தில் பரவியிருந்தது. அதற்காக அவர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவு, அதாவது இராஜத் துரோகம், சுமத்தப்பட்டது. ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க பிரிவு அது! முதலமைச்சரைச் சாடிய அப்பாட்டின் மொழி எல்லோருக்கும் உவப்பானது என்று நான் சொல்லமாட்டேன். எனினும் மதுவை விலக்கு என்று கேட்பது தேசத்துக்குத் துரோகமாகும் என்றால், மது ஹராம் என்று வெள்ளிதோறும் மிம்பரில் நின்று சொல்லும் ஆலிம்களின் நிலை என்னாவது? சில வாரங்களில் அவருக்குப் பிணை கிடைத்தது.

இந்த 124-அ பிரிவு யாருடைய படைப்பு? 1870இல் ஆங்கிலேயன் தன் ஆட்சியைக் காக்கச் சேர்த்த பிரிவு. வ.உ.சிதம்பரனார் 1908இல் இதன்கீழ்த்தான் சிறை சென்றார். அதே 1908இல் அலிகரில் மௌலானா ஹஸ்ரத் மோஹானி தாம் நடத்திய 'உர்தூ-ஏ-முஅல்லா' இதழில், எகிப்தில் ஆங்கிலேயர் கடைப்பிடித்த கல்விக் கொள்கையைக் குறை கூறும் கட்டுரை ஒன்றை, எழுதியவர் பெயரின்றி வெளியிட்டார். எழுதியவர் யார் என்று கேட்டபோது பெயரைச் சொல்ல மறுத்தார். பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு சிறை சென்று திரிகை சுற்றினார். 1922இல் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் கல்கத்தா நீதிமன்றத்தில் இதே பிரிவின்கீழ் நிறுத்தப்பட்டு ஓராண்டுக் கடுங்காவல் பெற்றார். அநீதி செய்யும் அரசை அநீதி செய்கிறது என்று சொல்வது தம் மார்க்கக் கடமை என்பதே அவர் வாக்குமூலத்தின் சாரம். வெள்ளையன் போனபின்பும் அப்பிரிவு போகவில்லை என்பதுதான் வேதனை.

மோஹானியின் எகிப்தைச் சொன்னேன். அங்கு இன்று ஆள்பவர் வெள்ளையர் அல்லர்; முஸ்லிம்களே. ஆனால் அலா அப்துல் ஃபத்தாஹ் என்னும் வலைப்பதிவர் அங்கே ஆட்சிகள் மாறிமாறி வந்தபோதும் சிறையில் அடைக்கப்பட்டார். முகநூலில் பிறர் எழுதிய பதிவு ஒன்றைப் பகிர்ந்ததற்காக, பொய்ச் செய்தி பரப்பினார் என்று 2021 டிசம்பரில் ஐந்தாண்டுத் தண்டனை! பொதுமன்னிப்பில் அவர் வெளிவந்தது 2025 செப்டம்பரில்தான். ஆள்வோர் நம்மவர் என்பதால் அநீதி நீதியாகிவிடாது. நம் கூட்டங்களில் இதைச் சொல்லத் தயங்குகிறோம்; தயங்கக்கூடாது என்பது என் கருத்து.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-அ என்றொரு பிரிவு இருந்தது. பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே மூன்றாண்டுச் சிறை! யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்பதற்கு அளவுகோல் இல்லை. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 2012 அக்டோபரில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய வணிகர் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் மராட்டிய மாநிலம் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிக் கடைகள் அடைக்கப்பட்டதைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைது செய்யப்பட்டனர். ஷ்ரேயா சிங்கல் என்னும் சட்டக்கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்று தள்ளுபடி செய்தது. செத்துப்போன அந்தப் பிரிவின்கீழ் ஆண்டுகள் பல கழிந்தும் காவல் நிலையங்களில் வழக்குப் பதிந்து வந்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

நெல்லையில் நடந்ததோ நெஞ்சை அறுப்பது. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், மனுமேல் மனுக் கொடுத்தும் பயனின்றி, ஒரு குடும்பமே ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்தது. இரண்டு பச்சிளம் குழந்தைகளும் கருகினர். அதைக் கண்டு மனம் வெந்து, முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர் ஆகியோரைச் சாடிக் கேலிச்சித்திரம் வரைந்தார் ஓவியர் பாலா. மனுவைக் கிடப்பில் போட்டவரைத் தேடாத காவல்துறை, படம் வரைந்தவரைத் தேடிச் சென்னைக்கு வந்து நவம்பர் 5ஆம் நாள் கைது செய்தது. மறுநாள் நீதிமன்றம் பிணையில் விடுவித்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையில் ஒளிந்து காய்ச்சிக் குடித்த கதையன்று அது; நகரின் நடுவே, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தொலைவில் விற்ற சரக்கு. முதல் சாவுகள் நிகழ்ந்த அன்று, காரணம் சாராயம் என்பதை மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அன்றே ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. அங்கே சாராயம் விற்கப்படுவதை அறியாதவர் இவ்வூரில் எத்தனை பேர்? எல்லோரும் அறிந்திருந்தோம். உரக்கச் சொன்னவர் எத்தனை பேர்? விற்பவனுக்கு அஞ்சினோம், சொன்னால் நம்மையே நிலையத்துக்கு அழைப்பார்களோ என்றும் அஞ்சினோம். பாட்டுப் பாடியவருக்கு நேர்ந்ததைச் செய்தித்தாளில் படித்த நாடல்லவா இது! கல்வராயன் மலைவாழ் மக்களின் சாலையும் மருத்துவமும் அற்ற வாழ்வை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்ததும், அத்தனை உயிர்கள் போனபிறகு 2024 ஜூலையில்தான்.

சொல்லுக்கு எல்லையே இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. அதற்கும் நம் மாவட்டமே சான்று. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் மாணவி ஒருவர் இறந்த துயரத்தையொட்டி, வாட்ஸ்அப் வழியே ஆள் திரட்டப்பட்டது. 17ஆம் நாள் பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. நீதி கேட்பது வேறு, தீ வைக்க அழைப்பது வேறு. கொண்டுவரப்பட்ட செய்தியை விசாரித்துத் தெளியுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். உச்ச நீதிமன்றமும் 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் வரைந்தது: வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டாத கடுஞ்சொல், இராஜத் துரோகம் ஆகாது.

நம் மார்க்கம் ஆட்சியாளரைக் கேள்விக்கு அப்பால் வைக்கவில்லை. கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அன்றே அபூபக்ர் (ரலி) அவர்கள், தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். கொடுங்கோலன் முன்பு நீதியை எடுத்துரைப்பதை நபி (ஸல்) அவர்கள் மிகச் சிறந்த ஜிஹாத் என்றார்கள் என அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. அங்கே போரிடுவது நாவு, வாள் அன்று. அநீதி இழைக்கப்பட்டவன் அதை வெளிப்படையாகச் சொல்ல அந்நிஸா அத்தியாயம் இடம் தருகிறது.

124-அ பிரிவை 2022 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை குறித்த 152ஆம் பிரிவு வந்திருக்கிறது. அரசின் நடவடிக்கையை முறையான வழியில் மாற்றும் நோக்கில், கிளர்ச்சியைத் தூண்டாமல் கண்டிப்பதற்கு அதன் விளக்கவுரையில் இடமுண்டு. வழக்குப் பதியும் இடத்தில் விளக்கவுரையைப் படிப்பவர் எத்தனை பேரோ!

எனவே இளைஞர்களுக்குச் சில செய்திகள். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் தனியே போகாதீர்கள். ஜமாஅத்துக்குச் சொல்லிவிட்டு, வழக்கறிஞருடன் செல்லுங்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றச்சாட்டுகளில் வழக்கமாக முதலில் வரவேண்டியது விசாரணைக்கான எழுத்து அறிவிப்பு; எடுத்த எடுப்பில் கைது செய்யலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு தரும் உரிமை. பதிவை அச்சத்தில் அழித்துவிடாதீர்கள். அழிக்குமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம். காவலில் இருப்பவருக்கு அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள்.