கேட்டால் பிழைக்கும் நூல்

மாணவ நண்பர்களே,

சேலம் செவ்வாய்ப்பேட்டை என்றதும் உங்கள் நினைவிற்கு வருவன மண்டிகளும் வெள்ளிக் கொலுசுகளுமே. அம்மண்டிகளுக்கு நடுவே ஒரு சிற்றறையில் நான் நடத்தும் தொழில் வேறு. கடைகளில் கிடைக்காத பழைய நூலை எவரேனும் கேட்டால், அதைத் தேடிக் கொடுப்பதே என் பணி.

இத்தொழிலுக்கு முதல் எது தெரியுமா? கேள்விதான். இதற்குச் சான்று நம் சேலத்தின் பெயரோடே இணைந்துள்ளது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தவர் சேலம் இராமசாமி முதலியார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் உ. வே. சாமிநாதையரை வினவினார். ஐயர் படித்ததில்லை. அந்த வினா அவரை ஏடு தேடி ஊர் ஊராக நடக்க வைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

ஏட்டிற்கு நேர்ந்த ஆபத்து அச்சு நூலுக்கும் உண்டு. இதை உணர்ந்தவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடத் தொடங்கி, பிறர் கழித்த நூல்களையும் இதழ்களையும் அறிவிப்புத் தாள்களையும் திரட்டினார். அந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று; அவர் திரட்டியவை பிழைத்தன. 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று.

நூலைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தலைப்பு மட்டும் போதாது; ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு ஆகியவற்றில் தெரிந்ததைக் கூறுங்கள். பழைய நூல்கள் பலவற்றில் தமிழாண்டே இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வரும். ‘சர்வசித்து’ என்றிருந்தால் அது 1887 ஆகலாம், 1947உம் ஆகலாம். அச்சகத்தின் பெயர்தான் அங்கே வழிகாட்டும்.

இறுதியாக, என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி தன் ஊர்க் கோயிலின் தல புராணத்தைக் கேட்டு வந்தாள். ஊரார் பொருள் திரட்டி அச்சிட்ட சிறு நூல் அது. பல இடங்களில் அலைந்து, ஒரு பழைய தாள் கடையில் அதன் அட்டையைக் கண்டேன். உள்ளிருந்த தாள்களெல்லாம் முந்திய வாரமே கடலைப் பொட்டலங்களாகிவிட்டன. அட்டையை அவளிடம் கொடுத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தவள், “ஓராண்டாகவே கேட்க நினைத்தேன், ஐயா. கேட்டால் கிடைக்கவா போகிறது என்று இருந்துவிட்டேன்” என்றாள்.

அவள் ஓராண்டு முன்னர்க் கேட்டிருந்தால் அந்நூல் இன்று இருந்திருக்கும். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய நூல் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் அதன் முதற்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வேண்டிய நூல் ஒன்று உங்கள் மனத்தில் இருந்தால், அதை இன்றே கேளுங்கள்.