வெட்டை நோயும் ஊசி மருந்தும்



இது கூட்டத்தில் பேசத் தகாத விஷயம் என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நீர் கழிக்கையில் எரிச்சலும் சீழும் கண்டவன், "உடற்சூடு" என்று இளநீர் குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டார் பல்வலிக்கு வாங்கி மீந்த இரண்டு மாத்திரைகளை விழுங்குவதையும் பார்த்திருக்கிறோம்.

மேகநோய் என்று ஒரே பெயரிட்டு அழைக்கிறோம். ஆனால் கிருமிகள் வேறு, மருந்துகளும் வேறு. சிபிலிஸ் என்னும் கிரந்திக்கு 1943-இல் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள், குணம் கண்டது. இன்றும் அதுவே அதற்கு முதல் மருந்து. ஆரம்ப நிலையில் 24 இலட்சம் யூனிட் பென்சதின் பெனிசிலின், ஒரே தடவை. நாட்பட்டதென்றால் வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம்.

வெட்டையும் ஒரு காலத்தில் பெனிசிலினுக்கு அடங்கியதுதான். 1976-இல் பெனிசிலினையே சிதைத்துவிடும் வெட்டைக் கிருமி கண்டறியப்பட்டது. பின்வந்த சிப்ரோபிளாக்சசினும் பல நாடுகளில் தோற்றது. இப்போது நம்பி இருப்பது செப்டிரையாக்சோன் ஊசி. அரைகுறையாக மருந்து தின்பவர்கள் அதையும் கெடுக்கிறார்கள்.

வெட்டையோடு கிளமிடியா என்ற இன்னொன்றும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். அதற்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள். மூன்றாம் நாளே சீழ் நின்றுவிட்டதென்று நிறுத்தக்கூடாது. வெயில் சற்றுச் சுடும். பால்மரக் காட்டில் வேலை செய்பவர்கள் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். கருவுற்ற பெண்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு அசித்ரோமைசின் ஒரு கிராம், ஒரே வேளை.

பெண்களில் பெரும்பாலோருக்குக் கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாது. உள்ளே கருக்குழாயை அடைத்துவிடும். பிறகு மாமியார் மருமகளை "மலடி" என்பார். நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவனோ தலைகுனிந்து சோறு தின்பான். இந்தக் கொடுமை லயத்துக்கு லயம் நடந்ததுண்டு, தோழர்களே! ஆகவே ஒருவர் மட்டும் மருந்து தின்றால் போதாது, இருவருக்கும் வேண்டும். மருந்து முடிந்து ஏழு நாள் வரை சேர்க்கையும் கூடாது.

எந்தக் கிருமி என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீழையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், எச்.ஐ.வி. சோதனையும் அதோடு செய்துகொள்ளுங்கள். முன்பு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டென்றால், ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அன்றைய கூலி போய்விடுமே என்று தயங்க வேண்டாம்: 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டுள்ள நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு.