மெருகு தரும் பஞ்சு



முன்னாளில் பிளாக்பள்ளி என வழங்கிய சிவாஜிநகரில், 1927-இல் கட்டப்பெற்ற ரஸ்ஸல் சந்தையின் சுற்றுப்புறத்தில், பழைய மோட்டார் உறுப்புக் கடைகள் மலிந்த தெருக்கள் உண்டு. அங்கே தமிழும் தாராளமாகக் காதில் விழும். அத்தகைய தெருக்களில் காருக்கு மெருகிடும் நம்மவர்க்கு ஒரு சொல்.

எந்திரத்தின் முகப்பில் சுழலும் பஞ்சு வட்டையைத் தொழிலாளர் ‘பேட்’ என்பர். அதில் காம்பவுண்டுக் களிம்பு உலர்ந்து இறுகினால், அதுவே அரமாகிவிடும். ஒரு மணல் துகள் போதும். பளபளப்புக்குப் பதில் வட்டவட்டமாய்க் கீறல் விழும். கீறியது பிறர் வண்டி. கூலியோடு பேரும் போகும்.

ஆகவே, களிம்பு ஈரமாய் இருக்கும்போதே பேட்டைக் கழுவிவிடுக. வெதுவெதுப்பான நீரும் காரமற்ற சோப்பும் போதும். கொதிநீர் கூடாது, பின்புறத்துப் பசை விட்டுப்போகும். நுரைப்பஞ்சை முறுக்காது, உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அழுத்துக. கம்பளிப் பேட்டாயின் தூரிகையால் சிக்கெடுக்க. பின் முகம் கீழ்நோக்க, நிழலில் உலர்த்துக. நீர் பசைப் பக்கம் தேங்காது.

காம்பவுண்டுக்கு ஒன்று, மெருகுக்கு வேறொன்று எனப் பிரித்து, மூடிய டப்பாவில் வைக்க. தரையில் விழுந்ததைக் கழுவாமல் வண்டியில் வைத்தல் ஆகாது.

அயலூரில் நமக்கு நற்சான்று தருவது நம் வேலையே. நாள் முடிவில் இதற்கென ஒதுக்கும் கால்மணி நேரம் வீணன்று.